பெயர்ச்சீட்டு கட்டிய கன்றுகள்

நார்த் கரோலினா மலை,
மார்ச் கடைசி ஞாயிறு

மதிப்பிற்குரிய கிரெசென்சியோ மாமாவுக்கு,

ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக மூன்று வாரம் நின்று பழகிவிட்ட மருமகன் எர்மிலோ வணங்கி எழுதுவது. நலம். நீங்களும் அத்தையும் அந்தக் கொம்பொடிந்த ஆடும் நலமாயிருக்கக் குவாதலூப்பே அன்னை அருளட்டும்.

நம் ஊரிலிருந்து இங்கே கூலி வேலைக்கு அனுப்ப நீங்கள் எழுதும் அடுத்த பருவத்து ஆள் பட்டியல் குருத்து ஞாயிறோடு முடிகிறது, தம்பி அபுந்தியோ பெயரைச் சேர்க்கவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். என் பெயரையும் அடித்துவிடுங்கள். "கிறிஸ்துமஸ் மரக்கன்னு நடுறதுதானே, விரலால குழி தோண்டிச் சொருகிட்டு வந்துடலாம்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினீர்கள். இந்தச் சரிவில் மண் எங்கே இருக்கிறது? கடப்பாரையைக் குத்தினால் பாறை பதில் சொல்கிறது. அதையும் பொறுத்தேன். நேற்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. முதலாளி ஹோயலின் தேவாலயத்தார் நாற்பது பேர் சேறு காணாத பூட்ஸில் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கன்று நட்டு, பெயர்ச்சீட்டு கட்டிவிட்டுப் போய், எட்டு வருடம் கழித்து வந்து அவரவர் மரத்தை வெட்டிக்கொள்வார்களாம். ஈரப் பெட்டியை விட்டு எடுத்தால் வேர் காய்ந்துவிடும் கன்றுகளை, பூச்செண்டு மாதிரி காற்றில் பிடித்து அரைமணி நேரம் படம் எடுத்தார்கள். ஒரு அம்மாள் வேர் நீளமென்று நகவெட்டியால் நறுக்கினாள். மற்றவர்கள் வேரை மேல்நோக்கி மடித்து, அரைச் சாண் ஆழத்தில் திணித்து மிதித்தார்கள். அப்படி வைத்தது இரண்டு வருடம் பச்சையாக நடித்துவிட்டுச் சாகும். ஹோயலுக்கு அது தெரியாதா? ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார். பிறகு ஜெபம். மழைக்கு நன்றி, மண்ணுக்கு நன்றி, ஹோயலுக்கு நன்றி. பெட்டியோடு பக்கத்தில் நின்ற எங்களிடமும் ஒருவர் பேசினார்: "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? படத்துல விழுறீங்க."

கார்கள் போனதும் எங்கள் மேஸ்திரி ருஃபினோ வந்தார்.

"டேய், எல்லாத்தையும் புடுங்கிட்டுப் புதுக்கன்னு வை. சீட்டை மட்டும் அதுலயே கட்டிடு. முதலாளி உத்தரவு."

"அப்ப அவங்க நட்ட மரம்?"

"அவங்க நட்டதுதான்டா. நட்டது அவங்க, வளக்குறது கடவுள். நடுவுல நீ எங்க வர்ற?"

"முதுகு என்னுதுண்ணே."

"முதுகுக்கு எவனும் சீட்டுக் கட்ட மாட்டான். குனி."

குனிந்தேன். நாற்பது குழி, நாற்பது பெயர். எட்டு வருடம் குளவிக் கொட்டோடு இதைக் கத்தரித்து வளர்ப்பதும் நாங்கள்தான். கடைசியில் வந்து, "எங்க கையால நட்டது" என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இந்த நாடகத்துக்கு நம் வீட்டிலிருந்து இன்னொரு முதுகு வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு. என் மகள் யரேத்சிக்கு முத்தம். உங்கள் மூட்டுவலி குறையட்டும்.

இப்படிக்கு,
எர்மிலோ

பி.கு.: ஒரு சீட்டு மிஞ்சியது. வரிசையின் கடைசிக் கன்றில் யரேத்சியின் பெயரை எழுதிக் கட்டிவிட்டேன். ருஃபினோ பார்த்தார், சீட்டின் முடிச்சை இறுக்கிவிட்டுப் போனார். ஆனால் அந்த ஆள் கத்தரித்தால் மரம் மொட்டையடித்த ஆடு மாதிரி நிற்கும். அவரை நம்பி விட முடியாது. ஆகவே என் பெயரை அடிக்க வேண்டாம். அபுந்தியோ பெயரையும் சேர்த்துவிடுங்கள், எனக்குக் காய்ச்சல் வந்தால் மரத்துக்கு ஆள் வேண்டும். கையுறை கொண்டுவரச் சொல்லுங்கள். எட்டாம் வருடம் அதன் பக்கத்தில் படம் எடுக்கும்போது யார் தள்ளி நிற்க வேண்டுமென்று நான் சொல்கிறேன்.