கண்ணாடி ஏரிக்குக் காவல்

ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு, குளிக்கப் போகிறவர்கள் உண்டு. ஏரியைக் காவல் காக்கவே போகிற இனம் ஒன்று உண்டு, தெரியுமோ? விடியலில் மலை தண்ணீரில் தலைகீழாக விழுவதைப் படம் பிடிப்பவர்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், என் அக்காவின் கணவர் கம்யார். கஸ்வீன் நகரத்துப் பல் டாக்டர்.

ஊரே போர்வையை இழுத்துக்கொள்ளும் நேரத்தில் எழுந்து, பாவி என்னையும் எழுப்பி, முக்காலி, கேமரா, தேநீர் பிளாஸ்க் எல்லாவற்றையும் என் தோளில் ஏற்றி, ஓவான் ஏரிக்கரையில் நிறுத்தி, "மூச்சை மெதுவா விடுடா, தண்ணி அசையுது" என்பார். வாத்து நீந்தினால் வாத்தைத் திட்டுவார். தவளை குதித்தால் என்னை முறைப்பார். தேநீருக்கு நான் சர்க்கரைக் கட்டியைக் கடித்தால் அந்தச் சத்தத்தில் அலை எழும்புமாம். எழும்புமா? அவரையே கேளுங்கள்.

இந்த வருஷம் விஷயம் பெரிது. நாங்கள் போன அன்று மாலையே மாகாணப் புகைப்படப் போட்டிக்குப் படம் அனுப்பக் கடைசி. மூன்று வருஷமாகக் காற்று கெடுத்தது; அன்று ஓர் இலைகூட ஆடவில்லை. சிகரத்தில் வெயில் விழ இன்னும் ஐந்தே நிமிஷம். அத்தான் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அப்போதுதான் மேட்டில் மணிச் சத்தம். ஆட்டுக்காரர் மஷ் குர்பான், தொண்ணூறு ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நின்று நெஞ்சில் கை வைத்தார்.

"வேலையா இருக்கீங்க போலிருக்கே டாக்டரய்யா. நாங்க நிக்கறோம்."

இதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? ஒருவர் ஒரு மரியாதை சொன்னால், பதிலுக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது.

"ஐயோ, என்ன பேச்சு இது! ஏரியே உங்களுது. முதல்ல உங்க ஆடு, அப்புறந்தான் நான்."

"சேச்சே, விருந்தாளி நீங்க. முடிச்சுக்கங்க."

"என் தலைமேல சத்தியம்! உங்க ஆடு குடிக்காம நான் கேமராவைத் தொடமாட்டேன்!"

இன்னொரு தடவையும் மறுப்பார் என்பது அத்தானின் கணக்கு. மஷ் குர்பான் பெருமூச்சு விட்டார்.

"சத்தியமே பண்ணிட்டீங்க. இனியும் மறுத்தா மரியாதை இல்ல. நீங்க நல்லா இருக்கணும்!"

சீழ்க்கை அடித்தார். முன்னூற்று அறுபது கால்கள். அங்கே சிகரம் பொன்னாயிற்று, இங்கே ஏரி சேறாயிற்று. அத்தானும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்துக்கொண்டே நின்றார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு, பாவமாகவும் இருந்தது.

ஆனால் மாலையில் படம் போட்டிக்குப் போய்விட்டது! எப்படியா? மலையைக் கணினியில் கவிழ்த்துக் கீழே ஒட்டிவிட்டார். பெயர், 'கலையாத விடியல்'. போட்டிப் பக்கத்தில் ஆகா, ஓகோ என்று ஒரே புகழ்ச்சி. கைபேசி மஷ் குர்பானிடமும் இருக்கிறதே! அவர் ஒரே வரி எழுதினார்:

"ரொம்ப அழகு டாக்டரய்யா. இன்னிக்குக் காலைல நின்ன என் ஆடெல்லாம் எங்க?"

மறுநாளே படத்தைப் போட்டியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பிறந்தநாள் கேக்கில் அணைந்த மெழுகுவர்த்தியைத் திரும்பக் கொளுத்தி, "படம் சரியா வரல, இன்னொரு தடவை ஊது கண்ணு" என்று குழந்தையைக் கெஞ்சியவர் யார்? நான் சொல்லமாட்டேன். முதலில் நீங்கள் சொல்லுங்கள்.