பதினோரு வினாடி மௌனம் தொடர்பாக

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். புதிதாக வாங்கிய ரவுட்டரும் சௌக்கியம். அங்கே உங்களுடைய, என் மகளுடைய, எட்டு மாதக் குழந்தையுடைய சௌக்கியத்தை அறிய ஆவல். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நடுவே இடைவெளி விழுந்தால் ஆளுக்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் இடைவெளி விழுந்தால் பத்தி பிரித்திருக்கிறார் என்று பேசாமல் போய்விடுவார்கள்.

பொருள்: சென்ற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு வீடியோ காலில் ஏற்பட்ட பதினோரு வினாடி மௌனம் - காரணம் தெரிவித்தல் - தொடர்பாக.

முப்பத்து நான்கு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்துவிட்டேன். பொருள் போடாமல் எழுத எனக்குக் கை வராது, பொறுத்துக்கொள்ளவும்.

அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முறைப்படி பதிவு செய்கிறேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "மாமா, நான் வேலைய விட்டுட்டு வீட்ல இருந்து குழந்தையப் பாத்துக்கலாம்னு இருக்கேன். அவ மறுபடி வேலைக்குப் போகட்டும். நீங்க என்ன சொல்றீங்க?" பதினோரு வினாடி கழித்து நான் சொன்னது, "ஆங், கேக்குது கேக்குது. அங்க மழையா?" உடனே நீங்கள் குழந்தை அழுகிறது என்று எழுந்து போனீர்கள். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமையும் என் மகள் மட்டும் பேசினாள். அவர் எங்கே என்று கேட்டால் குளித்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ஐந்தாவது வாரம் நானே, "அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா, இப்படிக் குளிக்கிறாரே" என்று கேட்டபோதுதான் விஷயத்தை உடைத்தாள். "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தீங்க பாருங்க, அவருக்கு அது ஒரு மாதிரி ஆயிடுச்சு. பதினோரு செகண்ட். நான் எண்ணினேன். இப்ப வேலைய விட வேணாம்னு யோசிக்கிறார். அப்படின்னா நான்தான் விடணும். மாசக் கடைசிக்குள்ள யாராவது ஒருத்தர் ராஜினாமா எழுதிக் குடுத்தாகணும்." அளக்கிற புத்தி என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது. அதை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன், பிறகுதான் கவலைப்பட்டேன்.

மாப்பிள்ளை, அந்த மௌனத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. அது முழுக்க முழுக்க இன்டர்நெட்டின் குற்றம். வாய் வார்த்தையாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால் அளந்தே பார்த்தேன். உங்கள் அத்தையைச் சமையலறையில் நிறுத்தி, அவள் போனிலிருந்து எனக்கு வீடியோ கால் போடச் சொல்லி, கை தட்டச் சொன்னேன். நான் கூடத்தில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். சுவர் வழியாக முதல் தட்டல் கேட்கும், போன் வழியாக அதே தட்டல் பின்னாலேயே வரும், நடுவில் இருப்பது தாமதம். நாற்பது தடவை எடுத்துச் சராசரி போட்டதில் ஒன்று புள்ளி இரண்டு வினாடி வந்தது. நாற்பத்தோராவது தட்டலுக்கு அவள் கூடத்துக்கே வந்து, "இனிமே தட்டினா உங்க தலையிலதான்" என்றாள். சோதனை அத்துடன் முடித்துக்கொள்ளப்பட்டது.

அப்புறம் புது ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா நல்ல விவரமானவர். வீடு எவ்வளவு பெரிசு, சுவர் செங்கல்லா, எத்தனை போன், யாராவது கேம் விளையாடுவார்களா என்று வரிசையாகக் கேட்டார். நான் ஓய்வு பெற்ற அதிகாரி என்றேன். அதற்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்த்துவிட்டு இரண்டு ரவுட்டரை எடுத்து வைத்தார். ஒன்றில் நாலு ஆன்டெனாக் கொம்பு, மற்றதில் எட்டு. ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்றாகத் தூக்கிப் பார்த்தேன், எட்டுக் கொம்புதான் கனமாக இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். "சார், இது எடை பாத்து வாங்குற சாமான் இல்ல" என்றார். "எல்லாமே எடை பாத்து வாங்குற சாமான்தாம்மா, நீங்க பில்லப் போடுங்க" என்றேன். இவ்வளவு நல்ல பொருளை வெளியில் வைத்தால் தூசி படியும், யாராவது தூக்கிக்கொண்டும் போகலாம் என்று இரும்பு பீரோவுக்குள் வைத்து, பின்பக்கம் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். மறுபடி கை தட்டிப் பார்க்கலாம் என்றால் உங்கள் அத்தை ஒத்துழைக்கவில்லை, நானே கரண்டியைத் தட்டிவிட்டுக் கூடத்துக்கு ஓடி ஓடி எடுத்ததில் தாமதம் மூன்று வினாடி ஆகியிருந்தது, அதில் என் ஓட்டத்துக்கு ஒரு வினாடி கழித்தாலும் முன்னைவிட மோசம்.

நெட் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். "பிங் எவ்ளோ சார் வருது?" என்றார். கம்ப்யூட்டரில் எப்படிப் பார்ப்பது என்று அவரே சொல்லிக்கொடுத்தார். பார்த்துவிட்டு மறுநாள் போன் போட்டு, "முன்னூத்தி நாப்பது" என்றேன், கொஞ்சம் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான். "முன்னூத்தி நாப்பதா?" என்று திருப்பிக் கேட்டார். "ஏன், போதாதா? இன்னும் ஏத்தணுமா?" என்று கேட்டேன். "சார், அது போய்ட்டு வர்ற நேரம். கொறைய கொறையத்தான் நல்லது. இருபது வந்தாப் போதும்." இதற்குள் நான் எதிர் வீட்டுக்காரரிடம் எங்கள் வீட்டில் முன்னூற்று நாற்பது என்று சொல்லி, அவர் தன் வீட்டில் வெறும் இருபத்தைந்துதான் என்று வருத்தப்பட்டு, நான் அவருக்கு ஆறுதலும் சொல்லியாகிவிட்டது.

ரவுட்டருக்குள் போய், வீடியோ பேசுகிற சாதனத்துக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று அவர் சொன்னார். உள்ளே போனேன். வீட்டில் உள்ள சாதனங்களெல்லாம் ஒரு பட்டியலாக நின்றன, யாருக்கு முதலிடம், யாருக்கு இரண்டாமிடம் என்று கேட்டது. அவர் சொன்னது காதில் விழுந்ததுதான். ஆனால் நேற்று வந்ததை முன்னால் நிறுத்திப் பழையதைப் பின்னால் தள்ளுவது எந்த அலுவலகத்திலும் நடக்காது, நடந்தால் கோர்ட்டுக்குப் போவார்கள். பணிமூப்பு அடிப்படையில், வீட்டுக்கு வந்த தேதியைப் பார்த்து வரிசைப்படுத்தினேன். முதலிடம் பிரிண்டருக்கு. அதில் மை தீர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, இருந்தாலும் சீனியர். இரண்டாவது டிவி. மூன்றாவது என் போன், நான்காவது உங்கள் அத்தையின் போன். நாம் பேசுகிற கம்ப்யூட்டர் போன வருஷம் வந்தது, அது கடைசிக்கு முந்தியது. கடைசியில் 'தெரியாத சாதனம்' என்று ஒன்று இருந்தது. அது யார் என்று தேடியதில், பிறந்தநாளுக்கு என் மகள் அனுப்பினாளே, எடை பார்க்கிற மெஷின், அது. உங்கள் அத்தை ஏறி நிற்கிற ஒவ்வொரு தடவையும் அவள் எடையை எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. "முப்பத்தி நாலு வருஷம் ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் பிடிச்சீங்க, வீட்ல இருக்கிறதப் பிடிக்கத் தெரியல" என்றாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வது நியாயம். மெஷினைப் பறிமுதல் செய்து பரண் மேல் போட்டுவிட்டேன்.

பணிமூப்புப் பட்டியல் அமலுக்கு வந்ததும் என் மகள் திரையில் அப்படியே உறைந்து நின்றாள், வாய் திறந்தபடி. கடைசியில் நெட்காரர் நேரிலேயே வந்தார். ரவுட்டர் எங்கே என்றார். பீரோவைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பீரோவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சார், நகைய வைங்க, பத்திரத்த வைங்க. இத வச்சுப் பூட்டினா சிக்னல் எப்படி சார் வெளிய வரும்?" கூடத்து அலமாரியின் மேல் தட்டில், நாலு பக்கமும் திறப்பாக, ரவுட்டரை ஏற்றி வைத்தார். கொம்புகளை நிமிர்த்தினார். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் ஒரே சேனலில் இருக்கின்றன, நம்முடையதை மாற்ற வேண்டும் என்றார். சேனல் என்றதும் உங்கள் அத்தை ரிமோட்டை எடுத்து ஒளித்துக்கொண்டாள். "டிவி இல்லம்மா. எல்லாரும் ஒரே சந்துல வண்டி ஓட்டுறாங்க, நாம அடுத்த சந்துல போகலாம்னு சொல்றேன்" என்று அவர் விளக்கினார். பிறகு பிரிண்டரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை முதலிடத்தில் வைத்தார். போகும்போது பையிலிருந்து ஒரு வயரை எடுத்து ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் நேராக இணைத்துவிட்டு, "வீடியோ பேசுறதுக்கு இதுதான் சார் நல்லது, இதுக்கு எட்டுக் கொம்பு வேணாம், பழைய ரவுட்டரே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கடைக்காரம்மாவிடம் நான் சொல்லப்போவதில்லை.

இப்போது பிங் பதினெட்டு. கரண்டியைத் தட்டினால் இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்கிறது, ஸ்டாப்வாட்சை அமுக்க என் கட்டைவிரலுக்கு நேரம் போதவில்லை. ஆகவே, மேற்படி மௌனத்துக்குப் பழைய ரவுட்டரே காரணம் என்பது அளந்து நிரூபிக்கப்பட்டுள்ளது. அளந்ததில் ஒன்று புள்ளி இரண்டு வினாடிதானே வந்தது, மீதி ஒன்பது புள்ளி எட்டு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அது உங்கள் வீட்டு ரவுட்டரில் இருக்கக்கூடும். பீரோவுக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கவும்.

குழந்தைக்கு எங்கள் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், தடங்கலில்லாத இணைப்போடு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலனையே நினைக்கும்
மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அன்னைக்கு நான் சமையக்கட்டுல இருந்து 'அட, அவருக்குப் பதில் சொல்லுங்களேன்'னு மூணு தடவை கத்தினேனே, அது அங்க கேட்டிருக்காதா?" என்றாள். உடனே என் மகளுக்குப் போன் போட்டேன். "நல்லாக் கேட்டுச்சுப்பா. மூணு தடவையும்" என்றாள். அப்படியென்றால் லைன் அன்று நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அது உங்களுக்கு அன்றே தெரியும். கடிதத்தை வேறு காகிதத்தில் எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் பொய் எடையை அழித்துவிட்டுச் சரியான எடையை எழுதுகிறவர்களை நானே பிடித்துத் தண்டித்திருக்கிறேன். அதனால் மேலே உள்ளது அப்படியே இருக்கட்டும். உங்கள் மனைவி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது நான் சந்தை சந்தையாகத் தராசு சோதிக்க மூன்று மாதம் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் நடந்துகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நடக்கிறாள் என்று கேட்டேன், பத்து நாளாச்சு என்றார்கள். அன்று உங்கள் மடியில் தூங்கிய குழந்தையைப் பார்த்தபோது எனக்கு உங்கள் மேல் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பொறாமை வந்தது, மாப்பிள்ளை. மருமகனைப் பார்த்து மாமனார் பொறாமைப்பட்டால் வாயைத் திறந்து என்ன சொல்வது என்று தெரியாமல் மழையைப் பற்றிக் கேட்டுவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: வேலையை விடுங்கள். இதைச் சொல்ல எனக்கு ஐந்து வாரமும் எட்டுக் கொம்பும் தேவைப்பட்டிருக்கிறது.