ஆர்கோவின் முந்நூற்றைம்பது கிராம்

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்,
17.06.2018

பெருமதிப்புக்குரிய அத்தான் ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களுக்கு,

மைத்துனன் கனகரத்தினம் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் இணுவிலில் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், ஜெயகௌரி, மகள் டிலக்ஷி மூவரும் முருகன் புண்ணியத்தில் சுகம். நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அவர்தான் சரியில்லை, கொழுத்துப்போனார். தாங்கள் முப்பது வருடம் அரசாங்க மிருக வைத்தியராக இருந்தவர் என்பதாலும், வைபரில் கதைத்தால் தங்களுக்குக் கேட்பதற்கு முதல் எங்கள் கட்டடம் முழுவதற்கும் கேட்டுவிடுகிறது என்பதாலும் இதைக் கடிதமாக எழுதுகிறேன். கதிரையில் சாய்ந்திருந்து வாசிக்கவும். எனக்கு இன்னும் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை.

முதல் அதிர்ச்சி போன வருடம் வைகாசியில் வந்தது. டிலக்ஷி வேலை முடிந்து வந்தவள், "அப்பா, நான் பாஸ்" என்று ஒரு கடதாசியை மேசையில் வைத்தாள். அவள் பிசியோதெரபி செய்கிற பிள்ளை, ஏதோ மேற்படிப்பாக்கும் என்று சந்தோசப்பட்டுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், அது வேட்டைக்காரர் பரீட்சை! அத்தான், வேட்டை! முட்டைகூடப் படியேறாத எங்கள் வீட்டிலிருந்து! அவளிடம் முழங்காலுக்கு வைத்தியம் செய்ய வந்த ஒரு கிழவர் வேட்டைக்காரராம், அவரோடு மலைக்குப் போய்ப் போய் இரண்டு வருடமாக எங்களுக்குத் தெரியாமல் படித்திருக்கிறாள். எனக்குக் கண் இருண்டுவிட்டது. "சைவப் பிள்ளை துவக்குத் தூக்கிறதோ? இனி என்ரை முகத்திலை முழியாதை!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன். ஆனால் அவள் என்னைப் போலவே ரோசக்காரி, தூண் நகரத்தில் இருக்கிற தன் அறைக்குப் போய்விட்டாள். தாயோடு மட்டும் போனில் கதைப்பாள், என்னோடு இல்லை. எட்டு மாதம்.

தை மாதக் கடைசியில் கதவு மணி அடித்தது. திறந்தால் டிலக்ஷி நிற்கிறாள், கையில் பிடித்த கயிற்றில் ஒரு நாய். நீண்ட காது, வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு, வேட்டைக்கென்றே வளர்க்கும் சுவிஸ் சாதி. அந்தக் கிழவர் இனி மலை ஏற இயலாது என்று இவளிடம் கொடுத்தாராம். பெயர் ஆர்கோ. இவளுக்குக் கூர் நகரத்தில் பத்துக் கிழமைப் பயிற்சி, அங்கே நாய் வைக்க விடமாட்டார்கள். வாசலில் நின்றபடியே என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வேட்டைக்காலம் முடிஞ்சுது. இனிப் புரட்டாதி வருமட்டும் இவனுக்கு ஓட்டம் இல்லை. வேட்டைக்கு ஓடேக்குள்ளை தின்ற அளவையே இப்பவும் குடுத்தால் கொழுத்துப் போவான். கொஞ்சங் கொஞ்சமாய்க் குறைக்கோணும், அப்பா. உங்களைப் போலை நிறுத்துப் போட ஒருத்தருக்கும் தெரியாது."

அத்தான், நான் இருபத்தேழு வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சலரோகக்காரருக்கும் இருதயக்காரருக்கும் பத்தியச் சாப்பாடு நிறுத்துப் போட்டவன். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமையை ஒருவரும் கேட்டதில்லை. மகள் கேட்டாள். அதுவும் எட்டு மாதத்துக்குப் பிறகு "அப்பா" என்று கூப்பிட்டுக் கேட்டாள். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? "தா" என்று கயிற்றை வாங்கினேன்.

அவள் எழுதித் தந்த கணக்கு இதுதான். நாளுக்கு அறுநூறு கிராம் காய்ந்த தீன், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை ஐம்பது கிராம் வீதம் குறைத்து முந்நூற்றைம்பதில் நிறுத்த வேண்டும். கொழுப்பு, எலும்பு, வீட்டுச் சாப்பாடு ஒன்றும் கூடாது. ஆவணியில் நாய்க்கு மோப்பப் பரீட்சை. உடம்பு இருபத்தொன்றரைக் கிலோவைத் தாண்டினால் மலையில் மூட்டுப் போய்விடும், பரீட்சையும் போய்விடும். நான் பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சமையல் தராசில் கிராம் பிசகாமல் நிறுத்துப் போட்டேன். ஆர்கோ நிமிடத்தில் நக்கி முடித்துவிட்டு, வெறும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும். நான் அசையவில்லை.

ஜெயகௌரிக்கு ஆர்கோ என்ற பெயர் வாயில் வரவில்லை. நாலாம் நாளே "ஆறுமுகம்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள், அவனும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான். அது தங்கள் காலஞ்சென்ற தகப்பனாரின் திருநாமம் என்பதை எடுத்துச் சொன்னேன். "மாமாவும் நல்ல மனுசன், இவனும் நல்லவன்" என்கிறாள். தாங்கள் பெரியமனதோடு பொறுத்தருள வேண்டும்.

மூன்றாம் கிழமைதான் பெரிய அதிர்ச்சி. தீனோ குறைகிறது, நாயோ பெருக்கிறது! கழுத்துப் பட்டியை இரண்டு துளை தளர்த்த வேண்டியதாயிற்று. முந்நூறுக்குக் குறைத்தேன். இன்னும் பெருத்தது. வயிற்றில் கட்டியோ, நீர்க்கோவையோ என்று எனக்கு நித்திரை இல்லை. பிறகு சந்தேகம் ஜெயகௌரி பக்கம் திரும்பியது. "இஞ்சேரும், நீர் ஏதும் குடுக்கிறனீரோ?" என்று கேட்டேன். அவள் நேராகச் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று, "முருகன் அறிய, என்ரை கையாலை ஒரு பருக்கை குடுத்திருந்தால் கேளுங்கோ" என்று கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள். அதற்கு மேல் என்ன கேட்பது?

அடுத்த நாள் அவளுக்குத் தடிமன், மூக்கடைப்பு. பின்னேரம் அவளுக்குப் பதிலாக நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு போனது நான். வெளியே வந்ததும் ஆர்கோ கீழ்வீட்டு எக்லி அம்மையாரின் கதவுக்கு முன்னால் குந்திவிட்டான். இழுத்தால் வரவில்லை. கதவு திறந்தது. அந்த அம்மையார் என்னைக் காணாமலே, "வந்திட்டியா செல்லம்" என்று சேர்வலா என்கிற இறைச்சிச் சொசேச் ஒன்றை முழுதாக அவன் வாயில் வைத்தார். அங்கிருந்து அவனே என்னைத் தவராஜாவின் தமிழ்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். கடையின் பின்கதவில் போய் நின்று ஒருமுறை குரைத்தான், ஒரே ஒரு முறை, கணக்காக. தவராஜா மட்டன் றோல்ஸோடு வந்தவர் என்னைக் கண்டு திகைத்தார். "என்னண்ணை, இண்டைக்கு அக்கா வரேல்லையோ? இவர் எங்கடை நாளாந்த வாடிக்கையாளர்!"

வீட்டுக்குப் போகவில்லை அத்தான். ஜெயகௌரியைப் போனில் கூப்பிட்டு, தடிமனோடு தடிமனாக, நேரே மிருக வைத்தியரிடம் வரச் சொன்னேன். அந்த வைத்தியர் இளம் பெண் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. தராசில் ஏற்றினார். இருபத்தைந்தரைக் கிலோ! நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறது?" என்று கேட்டார். நான் முந்நூறு கிராம் கணக்கை எடுத்து விரித்தேன். அவர் ஜெயகௌரியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து, தான் துப்புரவு வேலையில் பழகிய ஜேர்மன் பாஷையில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலமை புட்டு, தேங்காய்ப்பூ கூடப் போட்டு. மத்தியானம் சோறும் பருப்பும் நெய்யும். வெள்ளிக்கிழமை உழுந்து வடை, இரண்டு.

"கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினீரே!" என்று நான் தமிழில் கத்திவிட்டேன்.

"கையாலை குடுக்கேல்லை எண்டுதானே சொன்னனான்? கோப்பையிலை போட்டு நிலத்திலை வைச்சனான். பசிச்சுப் பார்க்கிற சீவனுக்கு முன்னாலை நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

வைத்தியர் இப்போது என்னைப் பார்த்தார். "நீங்கள்?" என்றார். "நான் ஒன்றுமே இல்லை" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. ஜெயகௌரி மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அந்த ரஸ்க்?"

அத்தான், தங்களிடம் மறைப்பானேன். காலையில் நான் பால்தேத்தண்ணியில் ரஸ்க் தோய்த்துச் சாப்பிடும்போது அவன் என் முழங்காலில் தாடையை வைப்பான். அவனுக்கு ஒன்று. சில நாள் மூன்று. சத்தியமாக அது சாப்பாடு என்று என் மண்டையில் ஏறவே இல்லை, அது தேத்தண்ணி நேரம்! அந்த வைத்தியப் பிள்ளை தாளில் "ரஸ்க், வெண்ணெய் கலந்தது" என்று எழுதியபோது, இருபத்தேழு வருடச் சேவையும் என் கண்முன்னே சரிந்து விழுந்தது. எத்தனை நோயாளரின் தலைமாட்டிலிருந்து பிஸ்கட் பெட்டியைப் பறித்திருப்பேன்!

சித்திரைத் தொடக்கத்தில் பயிற்சி முடிந்து டிலக்ஷி வந்தாள். நாய் அவளைக் கண்டு பாய வெளிக்கிட்டு, பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அவள் முழந்தாளிட்டு அவன் விலாவைத் தடவினாள். எலும்பு கைக்குப் படவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடைசியில், "உங்களை நம்பித்தானே அப்பா விட்டனான்" என்றாள். கண் நிறைந்திருந்தது. எட்டு மாதம் என்னோடு கதைக்காத பிள்ளை, கதைக்க வந்த இடத்தில் நான் செய்து வைத்த வேலை இது. "நான் குறைச்சுத் தாறன் பிள்ளை. நீ சொல்லுற மலையெல்லாம் ஏறுறன்" என்றேன். அறுபத்தேழு வயதில் இந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே எனக்கு அதிர்ச்சி.

ஏறினேன். கிழமையில் மூன்று நாள் அவளோடும், மற்ற நாள் தனியாகவும். முதல் நாள் பாதி மேட்டில் நானும் நாயும் ஒரே மாதிரி நாக்கைத் தள்ளிக்கொண்டு படுத்துவிட்டோம். நாய்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று எக்லி அம்மையாருக்கு ஜேர்மன் பாஷையில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், அவர் வாசித்து அழுதுவிட்டார். தவராஜா பின்கதவைப் பூட்டினார். ஜெயகௌரி தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறையில் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடுகிறாள். நான் ரஸ்க்கை அடியோடு விட்டேன்.

இனிச் சொல்லப்போவதை அக்காவுக்கும் வாசித்துக் காட்டவும். இரண்டு கிழமைக்கு முன், விடியும் நேரம், டிலக்ஷி என்னை ஒரு புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று காலை அங்கே மெசினால் புல் வெட்டப் போகிறார்கள். மான்கள் குட்டியை உயரப் புல்லுக்குள்தான் மறைத்து வைக்குமாம். குட்டி சத்தத்துக்கு ஓடாது, அப்படியே கிடந்து வெட்டுப்படும். அதனால் புல்வெளிக்குச் சொந்தமான கமக்காரர் முதலில் வேட்டைக்காரரைக் கூப்பிடுவார்கள். பத்துப் பேர் வரிசையாக, இடுப்பளவு பனிப்புல்லுக்குள் நடந்தோம். "அப்பா, அசையாதேங்கோ" என்றாள். குனிந்து பார்த்தால் என் சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி, பூனையளவில் ஒரு மான்குட்டி, முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, கண்ணைச் சிமிட்டாமல் கிடந்தது. அவள் கையுறை போட்டு, இரண்டு கை நிறையப் புல்லைப் பிடுங்கி, புல்லோடு சேர்த்து அதைத் தூக்கினாள். "எங்கடை மணம் பட்டால் தாய் கிட்ட வராது." வேலியோரம் கொண்டுபோய்ப் புல்லில் வைத்து, புல் வெட்டி முடியும்வரை திரும்பி ஓடாமல் மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்தாள்.

"புரட்டாதியிலை இதுகளைத்தானே சுடுவாய்?" என்று கேட்டேன்.

"குட்டியை இல்லை. ஆனால் ஓம் அப்பா, மான் சுடுவன். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன்."

எனக்கு இப்போதும் அதில் சம்மதமில்லை. சொன்னேன். பிறகு, "ஆனால் அண்டைக்கு என்ரை முகத்திலை முழியாதை எண்டது பிழை" என்றும் சொன்னேன். அவள் கையுறையை இழுத்துச் சரிசெய்தாள். "சரி, காலைப் பார்த்து வையுங்கோ, இன்னொண்டு கிடக்கும்" என்றாள்.

நேற்று நாய் இருபத்திரண்டு கிலோ. இன்னும் அரைக்கிலோ. தாங்கள் அன்புகூர்ந்து இரண்டு விஷயம் எழுத வேண்டும். இப்படிக் கெதியாக மெலிவித்தால் ஈரலுக்குக் கேடு வருமா? இத்தனை நாள் தின்ற புட்டால் மூட்டுக்குப் பாதிப்பு இருக்குமா? மற்றபடி நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஆவணிப் பரீட்சையோடு ஆர்கோ டிலக்ஷியிடம் தூண் நகரத்துக்கே போகட்டும். இனி என் ஆயுளில் எந்த நாய்க்கும் நிறுத்துப் போடமாட்டேன். என் இருதயம் தாங்காது. ஜெயகௌரியும் இதற்கு முழுச் சம்மதம்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. தங்கள் காது சுகப்படவும், இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் இருக்கவும் முருகனை வேண்டும்,

தங்கள் பணிவுள்ள மைத்துனன்
சி. கனகரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டிலக்ஷி போன் எடுத்தாள். அவளோடு வேட்டைக்குப் போகிற ஒரு பெண் ஒரு மாதம் விடுமுறையில் போகிறாவாம். தன் இரண்டு நாய்களையும் "அந்த ஆஸ்பத்திரிச் சமையற்காரர்" பார்ப்பாரா என்று கேட்டாவாம். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இப்ப ஒவ்வொண்டும் எத்தினை கிலோ?" என்று வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். ஒன்று மிகவும் மெலிவாம், ஆகவே மெலிந்த நாய்க்கு எவ்வளவு போடலாம் என்பதையும் தயவுசெய்து உடனே எழுதவும்.