யானை மனமுவந்து தந்த முடி

எழுபத்து நாலாம் வருஷம், தர்மபுரி ஜில்லாவில் உத்தியோகம் பார்த்த யாரும் யானை முடி மோதிரம் இல்லாமல் ஆபீசுக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்றாகிவிட்டது. யானை முடியை விரலில் போட்டால் பயம் போகும் என்பது பெரியவர்கள் வாக்கு. குமாஸ்தா, ஹெட்கிளார்க்குக்குப் பயந்து வெள்ளியில் போட்டிருந்தார். ஹெட்கிளார்க், தாசில்தாருக்குப் பயந்து தங்கத்தில் போட்டிருந்தார். தாசில்தார் இரண்டு கையிலும் போட்டிருந்தார். அவருக்கு வீட்டிலும் பயம்.

இந்த மோதிரங்களைக் கட்டித் தந்தவர் பென்னாகரம் கடைத்தெரு முனாப் பாய். முடிக்கு அவர் யானையிடம் போகவில்லை. எங்கள் ஏரியூர்ப் பக்கத்துக் காட்டில் யானைகள் மரத்தில் பின்புறத்தைத் தேய்த்துச் சொறிந்துகொள்ளும். பட்டையில் சிக்கும் வால் முடியை, விறகுக்குப் போகும் செல்லி பொறுக்கிக் கொண்டுவந்து தருவாள். யானைக்கும் அரிப்பு தீர்ந்தது, முனாபுக்கும் பிழைப்பு நடந்தது.

இப்படி ஒரு காரியம் ஒழுங்காக நடந்தால் சர்க்காருக்குப் பொறுக்குமா? ‘யானை மனமுவந்து தந்த முடியன்றி வேறு முடி ஆபரணங்களில் இடம்பெறலாகாது’ என்று ஓர் உத்தரவு வந்தது. அதை அமல்படுத்த உரோம நன்னெறிப் பிரிவு என்று ஓர் ஆபீசும் திறந்தார்கள். அதன் அதிகாரி பெரியண்ணன் ஜீப்பில் வந்து இறங்கி, முடி டப்பாவுக்கு அரக்கு முத்திரை வைத்தார். கடைக்கும் பூட்டுப் போட்டார். அவர் விரலிலும் முனாப் கட்டிய மோதிரம்தான் இருந்தது.

“இதெல்லாம் யானை தானா குடுத்துதா, நீங்க புடுங்கினதா?”

“யானைகிட்ட புடுங்கினவன் உங்க முன்னால வந்து நிப்பானுங்களா?” என்றார் முனாப்.

“அது யூகம். யானை சம்மதிச்சதுக்கு சாட்சி வேணும்.”

முனாபின் மனைவி அமீருன்னிசா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “யானையவே கூட்டியாந்து சொல்லச் சொல்லட்டுங்களா?”

“அதுக்குப் பிரயாணப்படி யாரு குடுப்பாங்க?” என்று பெரியண்ணன் நிஜமாகவே யோசித்தார்.

கடைசியில் ஸ்தல ஆய்வு என்று முடிவாயிற்று. யானையின் சம்மதம் தெரிந்தால் கடை திறக்கும். தெரியாவிட்டால் முனாபுக்கு ஜெயில். பாவம், அந்த மனுஷனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பெரியண்ணனும் அவருடைய குமாஸ்தா மாரியப்பனும் முனாபோடும் செல்லியோடும் காட்டுக்கு வந்தார்கள். “இங்கதானுங்க வந்து சொறியும்” என்று செல்லி ஒரு பெரிய மரத்தைக் காட்டி வாய் மூடவில்லை, யானை வந்துவிட்டது. மாரியப்பன் ஓடிய ஓட்டம் பஸ் ரோட்டில்தான் நின்றது. முனாபும் செல்லியும் பாறைக்குப் பின்னால் பதுங்கினார்கள். பெரியண்ணன் பதற்றத்தில் அதே மரத்தில் ஏறிவிட்டார்.

யானை அவரைச் சட்டை செய்யவில்லை. சாவகாசமாகச் சொறிந்துகொண்டது. கீழே அது ஆட ஆட, மேலே நன்னெறிப் பிரிவு ஆடியது. அரிப்பு தீர்ந்ததும் அது போய்விட்டது. பட்டையில் முடி நின்றது.

“பாத்தீங்களா சார்? தானாத்தான் குடுத்துதுங்க!” முனாபுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியண்ணன் இறங்கி வேட்டியைச் சரிசெய்தார். “பாத்தேன். ஆனா எனக்கு பயமா இருந்துதே? மோதிரம் போட்டும் பயம் வந்துதுன்னா, மோதிரம் வேலை செய்யலை. வேலை செய்யலைன்னா, யானை மனசார குடுக்கலை. மனசார குடுக்கலைன்னா நீ குத்தவாளி.”

முனாப் இந்த நியாயத்தை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னார். மறுநாள் அமீருன்னிசாதான் ஆபீசுக்குப் போனாள்.

“அப்படியே எழுதிக்குங்க சார். உங்க பெரிய ஆபீசர் வூட்டுக்கு நீங்க வாங்கிட்டுப் போனதும் இதே டப்பா முடிதான். அதுவும் வேலை செய்யாதுன்னு ஒரு வரி சேத்துக்குங்க.”

பெரியண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுதினார்: ‘மேற்படி யானை எமது முன்னிலையில் மனமுவந்து முடி வழங்கியது. மோதிரம் அணிந்திருந்த யாமும் குமாஸ்தாவும் கிஞ்சித்தும் அஞ்சாது நின்றோம். யானையே விலகிச் சென்றது.’

கடை திறந்தது. முனாப் அன்று வயிறாரச் சாப்பிட்டார். எங்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அந்த அறிக்கையை மேலே யாரோ படித்தும் தொலைத்துவிட்டார்கள். அந்த வருஷம் யானைகள் எங்கள் ராகிக் கொல்லைகளில் இறங்கி அட்டகாசம் செய்ததால், காட்டோரம் அகழி வெட்டித் தரும்படி மனுப் போட்டிருந்தோம். பதில் வந்தது: ‘யானையை விரட்ட மோதிரமே போதுமென்பது ஆய்வில் தெளிவானபடியால் அகழி அவசியமில்லை. குடும்பத்துக்கு ஒரு மோதிரம் இலவசமாக வழங்கப்படும்.’ அஞ்சாத அதிகாரி என்பதால், பெரியண்ணனையே கொல்லைக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

எங்களுக்கு வந்த கோபத்தில் ஊரே திரண்டு போயிருக்க வேண்டும். திரண்டுதான் போனோம், மோதிரம் வழங்கும் விழாவுக்கு. பந்தல், மைக், மாலை. “அவனுக்கு நாலு முடி, எனக்கு மட்டும் ரெண்டா?” என்று அண்ணன் தம்பிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டோம். அப்போது செல்லி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“யானை ராகியில எறங்கிடுச்சுங்க! காவலுக்கு வந்த சாரைக் காணோமுங்க!”

காவலுக்கு வந்த சார் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தார், இரண்டாவது மோதிரத்துக்கு.

“செத்த இரு செல்லி, மோதிரத்த வாங்கிட்டு வந்தர்றோம்” என்றோம். ஒருத்தரும் வரிசையை விட்டு நகரவில்லை.