எம முத்திரை உரிக்கும் சுவாமி

தாராவி தொண்ணூறடி ரோட்டில் அன்று பஸ்ஸே நகரவில்லை. கல்யாண ஹாலில் டாக்டர் என்சைமானந்தா சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். எந்த ஊர் டாக்டர் என்று கேட்கும் பழக்கம் பக்தர்களுக்கு இல்லை. இருந்தால் அவர்கள் ஏன் பக்தர்கள்?

“ஒங்க ஒடம்பு செல்லுல எம முத்திரை ஒட்டியிருக்கு! விஞ்ஞானி அதை யூபிக்விட்டின்னு நேத்துதான் கண்டுபிடிச்சான். எமனுக்கு அது எப்பவோ தெரியும்!”

கூட்டம் உருகியது. நோயாளிமேல் மஞ்சள் துணியைப் போர்த்தி, சுவாமி ஈரக்கையை அழுத்துவார். செக்கச்செவேலென்று முத்திரை விழும். தீர்த்தம் தெளிப்பார், மறையும். கூடவே நோயாளியின் கழுத்துச் சங்கிலியும் மறையும்.

நயினார் இதை அப்படியே நம்பினார். அவர் தோல் பை செய்கிறவர். பட்டறையில் ‘ரிஜெக்ட்’ ஸ்டிக்கர் ஒட்டிய பைகளை நைசாக உரித்துக் கடைக்கு அனுப்பிப் பழகியவர். ஸ்டிக்கர் போனால் பை நல்ல பை. முத்திரை போனால் மனைவி பிச்சம்மாளின் மார்புக் கட்டியும் போகாதா? மறுநாள் ஆபரேஷன். வேண்டாம் என்றே முடிவு கட்டிவிட்டார். பாவம், கத்திக்குப் பயந்த பிச்சம்மாளும் தலையாட்டினாள்.

நயினாரின் அண்ணன் மகள் ஷர்மிளாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செம்பூரில் செல் ஆராய்ச்சி செய்கிறவள்.

“சித்தப்பா, யூபிக்விட்டின் நெசம்தான். செல்லுக்குள்ள வேலை முடிஞ்ச புரதத்துல ஒட்டுத ரிஜெக்ட் ஸ்டிக்கர் மாதிரி. அதை உரிக்கதுக்கும் என்சைம் இருக்கு. ஒட்டுததும் உரிக்கதும் அளவா நடந்தாத்தான் செல்லு நேரம் பாத்து ரெண்டாப் பிரியும்.”

“அப்ப உரிக்கது நல்லதுதானே, ஏளா?”

“கண்டதையும் உரிச்சா? போவ வேண்டியது போவாது. செல்லு நிக்காமப் பிரியும். சில புத்துநோயே அப்படித்தான் வளருது. நீங்க உரிச்சு அனுப்புன பை என்னாச்சு?”

“வாரு அந்துபோச்சுன்னு திரும்பி வந்துட்டு,” என்று முனகினார் நயினார்.

“ஒரு சோதனை வைப்போம். சாமி தோத்தா நாளைக்கு ஆபரேஷன். சரியா?”

“சரி,” என்றாள் பிச்சம்மாள், புருஷனை முந்திக்கொண்டு.

போர்வை சுற்றிய ஒரு நோயாளியைத் தள்ளுவண்டியில் ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். “பேச்சு மூச்சு இல்ல சாமி,” என்றாள் ஷர்மிளா. அது பொய்யே இல்லை.

சுவாமி மஞ்சள் துணி போர்த்திக் கையை அழுத்தினார். ரத்தச் சிவப்பு! “ஐயோ, உடம்பு பூரா முத்திரை!”

ஷர்மிளா போர்வையை உருவினாள். உள்ளே ஏழெட்டு ரெக்ஸின் பைகள். தோல்கூட இல்லை, வெறும் போலித் தோல்.

“இதுல எந்தப் பைக்கு சாமி செல்லு இருக்கு? துணியில மஞ்சள், கையில சுண்ணாம்புத் தண்ணி, தீர்த்தத்துல எலுமிச்சம்பழம். ஆரத்தி கரைக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் இந்த வித்தை தெரியும்!”

சுவாமி பின்வாசலைத் தேடினார். அங்கே சங்கிலி பறிகொடுத்த பெண்கள் நின்றிருந்தார்கள்.

பிச்சம்மாள் வெளியே வந்து ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள். “வாங்க, ஆஸ்பத்திரிக்கு. பயமாத்தான் இருக்கு. ஆனாலும் போவோம்.”

கூட்டத்தில் ஒருவர் நயினாரின் கையைப் பிடித்தார். “அண்ணாச்சி, ஆண்டாப் ஹில்லுல இன்னொரு சாமி இருக்காராமே? அவரு நெசமா?”

“போய்ப் பாரும்வே,” என்றார் நயினார். “போவும்போது செருப்பை வாசல்ல விடும். மூளையை உள்ள கொண்டுபோம்.”