ஏழாம் நம்பர் ரூமில் எத்தனை பேர்

அன்பு மகள் இசைவாணிக்கு,

திருத்தங்கலிலிருந்து அப்பா சங்கிலிமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆளுக்கொரு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். சென்னையில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டும் இருக்கிறோம். போனில் சொல்லலாம் என்றால், "மீட்டிங்ல இருக்கேம்ப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் நீ வந்திருந்தபோது, அரசாங்கத்திடம் இருக்கும் விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போடுவதுதான் உன் வேலை என்று சொன்னாய். நம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளின் லைசென்ஸ் பட்டியலை மூன்று மாதம் உட்கார்ந்து ஒழுங்குபண்ணிப் போட்டதாகவும், இதுவரை பதினொரு தடவைதான் அதை இறக்கியிருக்கிறார்கள், அதில் ஒன்பது தடவை நீயே என்றும் சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. நீ பஸ் ஏறியதும் என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து 'பதிவிறக்கு' என்பதை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். இறக்கியது போனுக்குள் எங்கே போய் உட்காருகிறது என்று தெரியாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன். மறுநாள் நீ கூப்பிட்டு, "அப்பா, ஒரே நாள்ல இருபத்தாறு பேரு எறக்கிருக்காகப்பா!" என்று குதித்தாயே, அந்த இருபத்தாறு பேரும் நான்தான். அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்தனை தடவை இறக்கிவிட்டுப் படிக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அம்மா வேலை பார்க்கும் கம்பெனி உள்ள ஒரு பக்கம் மட்டும் போதும் என்றேன். கடைக்காரர் எதையோ தட்ட, மெஷின் மாவட்டம் முழுவதையும் கக்க ஆரம்பித்துவிட்டது. அவர் ஓடிப்போய் வயரைப் பிடுங்குவதற்குள் நூற்று எண்பது பக்கம். முப்பது வருஷம் பிரஸ்ஸில் பைண்டிங் பார்த்தவன் தாளை வீணாக்குவேனா? கட்டாகக் கட்டி சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தேன். அம்மா வாசலிலேயே மறித்து, "எடைக்குப் போடவா கொண்டாந்தீக?" என்றாள். "ஒம் மக எழுதுனது" என்றேன். பீரோ மேல் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேடிக் கண்டுபிடித்தேன். தொண்ணூற்று மூன்றாம் பக்கம். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு வரி. ஏழாம் நம்பர் ரூம், திரி சொருகும் வேலை, அனுமதிக்கப்பட்ட ஆட்கள் நான்கு. நம் வீட்டைப் பற்றியே அரசாங்கம் எழுதிவைத்த மாதிரி எனக்குப் பெருமை. அம்மாவிடம் காட்டிவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஏழாம் நம்பரு ரூமுல எத்தன பேரு இருக்கீக?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "எட்டு" என்றாள்.

"இதுல நாலுன்னு போட்டிருக்கு."

"போட்டிருப்பாக. சீசன்ல அதெல்லாம் பாக்க முடியுமா? பக்கத்து ரூமு பூராம் பெட்டியா அடுக்கிக் கெடக்கு. நாங்க எங்கன போயி உக்கார? நீங்க வாயத் தொறந்து எம் வேலையக் கெடுத்துப்புடாதீக."

இசை, அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது ஒன்று ஆனால் எட்டுப் பேரும் அந்த ஒரு ரூமிலிருந்து ஓடி வெளியே வர வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. சரியாக இருந்தாலும் மற்ற ஏழு பேரைத் தள்ளிவிட்டுக் கடைசியாகத்தான் வருவாள். இவளோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை கம்பெனி வேன் நிற்கிற இடத்துக்கே கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். நின்ற பெண்களுக்கெல்லாம் சத்தமாக வாசித்தேன். பதற்றத்தில் வேறு ஏதோ கம்பெனியின் பக்கத்தை வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ராக்காயி, "அண்ணே, எங்க கம்பெனியில ஏதுண்ணே அறுவது ரூமு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சரியான பக்கத்தை எடுத்தேன். சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தியும் தன் ரூம் நம்பரைச் சொல்லிக் கேட்டாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வேன் வந்ததும் அந்தத் தாளை என் கையிலிருந்து பிடுங்கி, மடித்து, தூக்குவாளிப் பைக்குள் செருகிக்கொண்டு ஏறிப் போனாள்.

நானும் சைக்கிளில் பின்னாலேயே போனேன். கேட்டில் வாட்ச்மேன் என் பையைத் தடவி போனை எடுத்தார், தீப்பெட்டியை எடுத்தார். பட்டாசுக் கம்பெனிக்குத் தீப்பெட்டியோடு வந்த என்னை வாழ்நாளில் மறக்க மாட்டார். தூரத்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். ஆகவே மேற்கொண்டு நடந்ததை ராக்காயி சொன்னதையும் நான் ஊகித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஏழாம் நம்பர் ரூமுக்குள் நாலு பேர் மட்டும் போனார்கள். மிச்ச நாலு பேர் வெளியே வெயிலில் நின்றார்கள். முதலாளி லட்சுமிகாந்தமே வந்து அம்மாவைக் கேட்டார்.

"என்ன மாடத்தி, இம்புட்டு வருசமா இல்லாத பழக்கம்?"

"நாலு பேருன்னு அரசாங்கமே போட்டிருக்கு மொதலாளி."

"அது எங்கிட்ட இருக்க லைசென்ஸு. ஒனக்கு யாரு சொன்னா?"

"எல்லாரும் பாக்கணும்னு போட்டிருக்காக. போட்டது எம் மக."

மத்தியானத்துக்குள் பக்கத்து ரூமிலிருந்த பெட்டிகள் எல்லாம் குடோனுக்குப் போய்விட்டன. இப்போது ஏழாம் நம்பரில் நாலு பேர், எட்டாம் நம்பரில் நாலு பேர். உன் ஒரு தாள் செய்த வேலை இது. இனிமேல் எத்தனை பேர் இறக்கினார்கள் என்று எண்ணாதே, கண்ணு.

நீ தொட்டதெல்லாம் நல்லபடி நடக்கட்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தூக்குவாளியிலிருந்து ரசம் சிந்தி அந்தத் தாள் முழுக்க ஊறிப்போயிருந்ததாம். முதலாளி வாங்கிப் பார்த்து, "இதுல என்ன தெரியுது?" என்றாராம். உடனே அம்மா ரூமுக்குள் போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றியிருக்கிறாள். அதற்குப் பின்னால் சிவப்புப் பெயிண்டில், ரூம் கட்டின நாளிலிருந்தே, 'ஆட்கள் 4' என்று எழுதியிருக்கிறது. தினமும் அது கண்ணில் பட்டு உறுத்துகிறதென்று காலண்டரை மாட்டி மறைத்ததே அம்மாதானாம். "அப்ப புள்ள போட்டதும் நான் அலைஞ்சதும் வீணா?" என்றேன். "நாலுன்னு எனக்குத் தெரியும். உள்ள எத்தன பேரு இருக்கீகன்னுதான் ஒருத்தரும் கேக்கல. நீங்க கேட்டீக" என்றாள். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதவா என்று கேட்டேன். "வேணாம், புள்ள சந்தோசப்படட்டும். இப்புடியே ஒட்டுங்க, நாலு மணிக்குத் தபால எடுத்துருவாக" என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.