மூட்டையின் ஈரத் தாடை

மூட்டையின் தாடை மறுபடியும் நனைந்திருந்தது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினான் அவன்.

மூட்டை, அக்கா மகள் வளர்க்கும் கினிப் பன்றி. தாயும் மகளும் ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போகும்போது கூண்டோடு இவன் வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள். போன தடவை இவனை நம்பிச் செடிகளை விட்டுப் போனார்கள். இவன் ஊற்றிய தண்ணீரில் எல்லாமே அழுகிப் போயின. செடிக்காவது மன்னிப்பு உண்டு. மூட்டைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது?

"தண்ணி பாட்டில் ஒழுகுதோ என்னவோ," என்றாள் மனைவி.

பாட்டிலை மாற்றினான். தாடை காயவில்லை.

கேரட் துண்டை நீட்டினான். மூட்டை ஆவலாய்க் கவ்வியது, இரண்டு முறை மென்றது, கீழே போட்டது. மெல்லிசாக நறுக்கிக் கொடுத்தான். அதையும் போட்டது. துருவிக் கொடுத்தான், தின்றது! அவனுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் துருவல் ருசி கண்ட மூட்டை, காய்ந்த புல்லின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அவனுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பாக்கெட்டில் இரண்டு கிராம் குறைந்தால் திருப்பி அனுப்புகிறவன். சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து, அதில் மூட்டையை வைத்துத் தினமும் மூன்று முறை நிறுத்தான். ஞாயிறு தொள்ளாயிரத்து நாற்பது கிராம். திங்கள் தொள்ளாயிரத்து இருபது. செவ்வாய் எண்ணூற்றுத் தொண்ணூறு. புழுக்கையும் சிறுத்திருந்தது.

"வாயைத் திறந்து பார்த்தீங்களா?"

டார்ச் அடித்து உதட்டை விலக்கினான். முன்பற்கள் தெரிந்தன, லேசாகச் சாய்ந்தாற்போல. அதற்குப் பின்னால் எல்லாம் கன்னச் சதை. விரலால் விலக்கப் பார்த்தான்.

"ஐயோ!"

"என்னாச்சு?"

"முன்பல்லு நல்லாத்தான் வேலை செய்யுது," என்று விரலைக் குழாயடியில் நீட்டினான்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன்.

"மூட்டை எப்படிடா இருக்கு?"

"ஜம்முனு இருக்குக்கா."

"சத்தத்தையே காணோம்? போன் மணி கேட்டாலே கீச்சுனு கத்துமே."

அவன் முகத்தைத் திருப்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "க்வீக்" என்றான்.

"இன்னொரு தடவை கத்தச் சொல்லு."

"க்வீக்."

"குரல் கட்டியிருக்கே?"

"ஃபேன் காத்துக்கா."

"சரி சரி, பாத்துக்கோ." போன் வைக்கப்பட்டது.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவங்களுக்கு உங்க குரல் தெரியாதாக்கும்! நாளைக்கு வீடியோவில கேட்டா என்ன பண்ணுவீங்க? நீங்களே கூண்டுக்குள்ள போய் உக்காருவீங்களா?"

புதன் காலை மூட்டை துருவலைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"இதுங்க ஒரு நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்துங்க. உங்க பொய்யக் காப்பாத்தப் போறீங்களா, அந்த உசுரக் காப்பாத்தப் போறீங்களா?"

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மூட்டையைப் பெட்டியில் வைத்து, அக்கா வழக்கமாகப் போகும் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினான். முன்மேசையில் ஒரு பெண் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவன் மூச்சுவிடாமல் குறிப்பேட்டை ஒப்பித்தான்.

"தாடை ஈரம், ஞாயிறு சாயங்காலம் ஆறரை. கேரட்டைக் கவ்விக் கீழ போட்டது, ஏழு. எடை அம்பது கிராம் குறைஞ்சிருக்கு. கடைவாய்ப் பல்லு வளர்ந்து குத்துதோன்னு தோணுது. ஆனா எனக்குத் தோணுறது பாதி தப்பாத்தான் இருக்கும். முன்பதிவு எதுவும் பண்ணலைம்மா. எவ்வளவு நேரம்னாலும் நிக்கிறேன். அக்காகிட்ட திட்டு நானே வாங்கிக்கிறேன், டாக்டர் மூட்டையப் பாத்தா மட்டும் போதும்."

அந்தப் பெண் பதிவேட்டில் விரலை ஓட்டி நிறுத்தினாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"மூட்டையா? வளர்ந்த கடைவாய்ப் பல்லைத் தேய்ச்சுக் குறைக்க உங்க அக்கா போன வாரமே பதிஞ்சு வச்சிட்டாங்க சார். 'விஷயத்தைச் சொன்னா பயந்துபோய் என் தம்பி மூட்டைய வாங்கிக்கவே மாட்டான், சொல்லாம விட்டா புதன்கிழமை பத்து மணிக்குத் தானாவே கொண்டுவந்து நிப்பான்'னாங்க, நீங்க என்னடான்னா அஞ்சு நிமிஷம் லேட்டு!"